ராமநாதபுரம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு ராமநாதபுரத்தில், கேணிக்கரைப் பக்கம். பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினாலே திருப்பூர் அக்கா வீட்டிலிருந்தும் சென்னைச் சித்தப்பா வீட்டிலிருந்தும் போன் வந்துவிடும். "பிள்ளைகளோட கடல் பார்க்க வர்றோம், எங்கெங்க போகலாம்?" அவர்கள் கேட்டதையும், அவர்கள் சொல்லி என்னிடம் பேசிய மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே ஊருக்கு ஊர் கண்மாய். அன்றைக்கு என்ன காற்று அடிக்கிறது என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ற தண்ணீரைத் தேடிப் போங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியேதான் இருக்கும்.

எந்த மாதம் வருவது நல்லது?

தையும் மாசியும்தான். மழை ஓய்ந்திருக்கும், கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், பறவைகள் இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மன்னார் வளைகுடாவில் தண்ணீர் தெளிந்து கிடப்பதும் இந்த நாட்களில்தான்.

ஆனால் பிள்ளைகளுக்கு அப்போது லீவு கிடைக்காது என்பது தெரியும். பெரும்பாலும் மே மாதத்தில் வருவீர்கள், இல்லாவிட்டால் அரையாண்டு விடுமுறையில். அதனால்தான் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வாடைக்காற்று. வடக்கிலிருந்து வரும். அப்போது பாக் நீரிணைப் பக்கம் அலை எழும்பும், தண்ணீர் கலங்கும், தெற்குக் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் கச்சானும் சோளகமும் மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து அடிக்கும். அப்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். பாம்பன், ராமேஸ்வரத்து மீனவர்கள் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். காற்று மாறும்போது தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் படகை மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் படகுக்குச் செய்வதை நாம் பிள்ளைகளுக்குச் செய்தால் போதும். மே மாதம் வந்தால் குளிக்க வடக்குக் கரை. டிசம்பரில் வந்தால் தெற்குப் பக்கம் சுற்றிப் பார்ப்பது.

ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், தனுஷ்கோடிக்குள்ளும் விட மாட்டார்கள். அந்த நாளில் வாதாட வேண்டாம். ஏன் என்பது தனுஷ்கோடியைப் பற்றிய பதிலைப் படித்தால் புரியும்.

தங்குவது ராமேஸ்வரத்திலா, ராமநாதபுரத்திலா?

இரண்டுக்கும் இடையில் சுமார் 55 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோயிலும் தனுஷ்கோடியும் மட்டும் போதும் என்றால் ராமேஸ்வரத்திலேயே தங்கிவிடுங்கள், அதிகாலையில் எழுந்து நடந்தே கோயிலுக்குப் போகலாம். இரண்டு மூன்று நாள் என்றால் முதல் இரவு ராமநாதபுரம், அடுத்தது ராமேஸ்வரம் என்று பிரித்துக்கொள்வதுதான் என் யோசனை. திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, தேவிபட்டினம், கீழக்கரை, சக்கரக்கோட்டைக் கண்மாய் எல்லாமே ராமநாதபுரத்திலிருந்து 20 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கிவிடும். அறை வாடகையும் இங்கே கொஞ்சம் குறைவு.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை இந்த மூன்று நாட்களிலும் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களுக்கான நாட்கள் அவை. உல்லாசமாகச் சுற்ற நினைக்கிறவர்கள் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

ரயிலா, காரா?

ஒரு வழியாவது ரயிலில் வாருங்கள். பாம்பன் பாலத்தை ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பது ஒரு தனி அனுபவம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. இரண்டு வருஷத்துக்கு மேல் எல்லாரும் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கி பஸ் பிடித்தோம். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகிறது. சென்னையிலிருந்து இரவு வண்டியில் வந்தால் விடியற்காலையில் கடலைக் கடப்பீர்கள். மண்டபம் வந்ததுமே பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரைதான் பக்கம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலை வழியாக ஏறக்குறைய 170 கிலோமீட்டர்.

பாலம் திறப்பதைப் பார்க்க முடியுமா?

கப்பலோ பெரிய படகோ கடக்கும்போதுதான் திறப்பார்கள், அதனால் சொல்லி வைத்துப் பார்க்க முடியாது. பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து மேலே தூக்கியது, ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, லிப்ட் போல. 17 மீட்டர் வரை உயரும். பையன்களுக்கு இதை விளக்கிச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள், கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.

பார்க்க நல்ல இடம் 1988-இல் திறந்த சாலைப் பாலம்தான். ஆனால் அதன்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. மண்டபம் முனையிலோ பாம்பன் முனையிலோ இறங்கி, நடைபாதையில் நடந்து வந்து பாருங்கள். காற்று பலமாக இருக்கும், சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், தொப்பியும் கண்ணாடியும் பையில் இருக்கட்டும்.

பிள்ளைகள் எங்கே பயமில்லாமல் குளிக்கலாம்?

அரியமான். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் வடகடல் ஓரமாக இருக்கிறது. நீளமான மணல், பின்னால் சவுக்குத் தோப்பு, உட்கார நிழல். தண்ணீருக்குள் வெகுதூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் ஏறாத இடங்கள் உண்டு. முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது என் அக்கா மகன் கரையில் நின்று, "அலையே இல்லையே சித்தி, இது கடலா, ஏரியா?" என்று கேட்டான். அது சித்திரை மாதம். இதே அரியமானை மார்கழியில் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

ஆழம் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட வேண்டாம். சில மாதங்களில் சொறி என்று நாங்கள் சொல்லும் ஜெல்லி மீன் வரும், கண்ணாடி மாதிரி மிதக்கும். பட்டால் எரியும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவிவிட்டு, வலி அதிகமானாலோ மூச்சு இறைத்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்புறம், மணலில் திருக்கை புதைந்து கிடக்கலாம். காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி இழுத்து இழுத்து நடந்தால் அது விலகிப் போய்விடும். இந்த நடையைப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

தனுஷ்கோடியைத் தாண்டி இருக்கும் அரிச்சல்முனையில் மட்டும் குளிக்கவே கூடாது. இரண்டு கடலும் சந்திக்கிற இடம், இழுப்பு அதிகம், மணல் காலடியில் சரியும். அங்கே கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

தனுஷ்கோடியில் என்ன இருக்கிறது? எவ்வளவு நேரம் வேண்டும்?

பாதி நாளாவது ஒதுக்குங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அவசரமாகப் போய், முனையில் போட்டோ எடுத்துத் திரும்புகிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மாலையில் சோதனைச்சாவடியில் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள், இரவில் தங்கவும் அனுமதி இல்லை. காலை ஏழு மணிக்கு ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புங்கள். வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது, சுற்றிலும் தண்ணீர். விபீஷணன் ராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்பார்கள். புயலில் தப்பி நின்ற கோயில் அது. அதைத் தாண்டி முகுந்தராயர் சத்திரம். அங்கிருந்து முனை வரைக்கும் 9.5 கிலோமீட்டர் சாலை. 2017-க்கு முன்னால் இந்தத் தூரத்தை மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பிலும் வேனிலும்தான் கடக்க வேண்டும். இப்போது உங்கள் காரிலேயே போகலாம், அரசுப் பேருந்தும் போகிறது.

பாதி வழியில் பழைய ஊர். அங்கே கட்டாயம் இறங்குங்கள். இடிந்த தேவாலயத்தின் சுவரில் கைவைத்துப் பார்த்தால் பவளப்பாறைக் கற்கள் தெரியும். ரயில் நிலையத்தின் தூண்கள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் மணலில் நிற்கின்றன. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து போட் மெயில் இங்கே வந்து நிற்கும், பயணிகள் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் கடலுக்குள் போனது, அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. ஊரே அழிந்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. என் அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அந்த ராத்திரி ராமநாதபுரத்திலேயே ஓடுகள் பறந்ததையும், விடிந்த பிறகும் யாருக்கும் ஒரு செய்தியும் தெரியாமல் இருந்ததையும் இன்றைக்கும் சொல்வார். பிள்ளைகளிடம் இந்தக் கதையை அங்கே நின்று சொல்லுங்கள். பெரியவர்கள்கூட அதன் பிறகு அந்தச் சுவரில் ஏறி நின்று செல்பி எடுக்க மாட்டார்கள்.

இன்றும் அங்கே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். சுற்றிலும் உப்பு, நடுவில் குடிதண்ணீர். அனுமதி கேட்டு ஒரு ஊற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். டீயோ வறுத்த மீனோ அவர்கள் கடையிலேயே வாங்குங்கள். கொண்டு போன பாட்டிலையும் பாலித்தீன் பையையும் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள், அங்கே அதைக் கூட்டி எடுக்க ஆள் இல்லை, காற்று நேராகக் கடலுக்குள் தள்ளிவிடும்.

பனிக்காலத்தில் சாலையோரத்து உப்பங்கழியில் பூநாரைக் கூட்டம் நிற்கும். 2025-இல் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. வண்டியை நிறுத்தினாலும் ஹாரன் அடிக்காதீர்கள், கிட்டே ஓடாதீர்கள்.

அரிச்சல்முனையிலிருந்து இலங்கை தெரியுமா?

வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் செல்போன் சில நேரம் இலங்கை சிக்னலைப் பிடித்துவிடும். ரோமிங்கை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் 22 தீர்த்தமும் ஆட வேண்டுமா? வயதானவர்களுக்கு முடியுமா?

கட்டாயம் ஒன்றும் இல்லை. விரும்புகிறவர்கள் முதலில் அக்னி தீர்த்தத்தில், அதாவது கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடலில், முழுகிவிட்டு உள்ளே வந்து சீட்டு வாங்கி 22 தீர்த்தங்களுக்கும் வரிசையாகப் போவார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் ஆள் நின்று வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். ஈரத்துணியோடு சுவாமி சன்னதிக்குப் போக முடியாது, அதனால் மாற்றுடை கையில் இருக்க வேண்டும். தரையெல்லாம் ஈரமாக இருப்பதால் வழுக்கும். மூட்டு வலி உள்ளவர்களும், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளும் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. என் மாமியாரை அப்படித்தான் அழைத்துப் போகிறோம். வீட்டில் ஒருவர் ஆடிவிட்டு, ஒரு சொம்பில் பிடித்து வந்து அவர் தலையில் தெளிப்பார். அவருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

செல்போன் உள்ளே கொண்டு போக முடியாது. மதியம் நடை சாத்தியிருக்கும். ஸ்படிக லிங்க தரிசனம் அதிகாலையில் மட்டும். மூன்றாம் பிரகாரத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். இரண்டு பக்கமும் தூண்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே போகும், பிள்ளைகள் எண்ணத் தொடங்கி விட்டுவிடுவார்கள்.

படகுப் பயணம் எது நல்லது?

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சின்னப் பிள்ளைகளும் பாட்டி தாத்தாவும் இருந்தால் காரங்காடு. தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் வழியில் உள்ள மீனவ கிராமம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் கால்வாய் வழியாகப் படகு போகும், அலை கிடையாது, இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். துடுப்புப் போடத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்குக் கயாக் இருக்கிறது. முன்கூட்டியே சொன்னால் ஊர்ப் பெண்கள் நண்டும் மீனுமாகச் சமைத்துக் கொடுப்பார்கள். நான் அங்கே சாப்பிட்ட நண்டுக் குழம்பை இன்னும் மறக்கவில்லை.

பவளப்பாறை பார்க்க வேண்டும் என்றால் தென்கடல் பக்கம். பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு போகும். ஏர்வாடியை அடுத்த பிச்சைமூப்பன் வலசையிலும் படகு உண்டு, கடலுக்கு நடுவே மணல்திட்டில் இறக்கி விடுவார்கள், முழங்கால் தண்ணீரில் நிற்கலாம். இந்தப் பகுதி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் அறிவித்தார்கள். அதனால் எந்தத் தீவுக்கும் நினைத்த நேரம் போக முடியாது. வனத்துறையோ, அவர்கள் அனுமதித்தவர்களோ நடத்தும் படகில் மட்டும் ஏறுங்கள். லைப் ஜாக்கெட் பிள்ளைகளின் அளவுக்கு இல்லை என்றால் ஏற்ற வேண்டாம், பணம் போனாலும் பரவாயில்லை. கச்சான் காலத்தில் தென்கடல் படகுப் பயணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஓடினாலும் தண்ணீர் கலங்கியிருக்கும், படகின் அடியில் உள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

குந்துகாலில் இன்னொன்றும் இருக்கிறது. சிகாகோவில் பேசிவிட்டு வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ஆம் தேதி இலங்கையிலிருந்து வந்து இந்தக் கரையோரம்தான் இறங்கினார். அவரை வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி மன்னர். அங்கே நினைவு இல்லம் இருக்கிறது. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

கடலைத் தவிர வேறு தண்ணீர் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருப்பேன்! ராமநாதபுரம் என்றாலே வறண்ட பூமி என்று வெளியூரில் நினைக்கிறார்கள். மழை குறைவுதான். அதனால்தான் பெய்கிற மழையையும் வைகையில் வருகிற தண்ணீரையும் பிடித்து வைக்க முன்னோர்கள் இத்தனை கண்மாய் வெட்டி வைத்தார்கள். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்கள். கரை அவ்வளவு நீளம், நாரையால்கூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாதாம். நாற்பத்தெட்டு மடை வழியாக வயலுக்குத் தண்ணீர் பாயும். தொண்டி, காரங்காடு போகிறவர்கள் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனால் அந்தக் கரையில் நின்றுவிட்டு வரலாம்.

ராமநாதபுரம் ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது. நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கால். இரண்டும் பறவைச் சரணாலயங்கள், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2025-இல் சேர்ந்தன. அதற்கு முன்பே 2022-இல் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் சேர்ந்திருந்தன, அவை முதுகுளத்தூர் பக்கம். கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல நாட்கள். மழை பொய்த்த வருஷம் கண்மாய் காய்ந்துவிடும், பறவையும் வராது. அதனால் வரும் முன் ஊரில் யாரிடமாவது, "கண்மாய் பெருகியிருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

காலை ஆறரை மணிக்குக் கரையில் இருங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். ஒரு பைனாகுலர் இருந்தால் பிள்ளைகள் அதற்குச் சண்டை போட்டுக்கொள்வார்கள், இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. சக்கரக்கோட்டைக்குப் போய் வர இரண்டு மணி நேரம் போதும், செலவும் பெரிதாக இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து போன பிள்ளைகளில் பாதிப் பேர் தனுஷ்கோடியை விட இதைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

நடு மதியத்தில் என்ன செய்வது?

பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரை மணலில் கால் வைக்காதீர்கள். ராமநாதபுரத்தில் இருந்தால் அரண்மனையில் ராமலிங்க விலாசம் பாருங்கள். கிழவன் சேதுபதி காலத்தில் கட்டிய மண்டபம். சுவர் முழுக்க ஓவியம்: ராமாயணம், போர்க்களம், மன்னர் ஐரோப்பியரைச் சந்திப்பது. உள்ளே குளுகுளு என்று இருக்கும். மண்டபத்தில் இருந்தால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம். ராமேஸ்வரத்தில் இருந்தால் பேக்கரும்பில் கலாம் நினைவிடமும், மசூதித் தெருவில் அவர் பிறந்து வளர்ந்த வீடும்.

சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கே வழிபடலாம்?

உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர். வருஷம் முழுக்கச் சந்தனம் பூசியிருக்கும், மார்கழித் திருவாதிரைக்கு மட்டும் களைவார்கள். திருப்புல்லாணியில் தர்ப்பைப் புல்லில் பள்ளிகொண்ட ராமர், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேதுக்கரை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம் எனும் நவக்கிரகக் கற்கள், நடைமேடையில் நடந்து போய் வணங்கலாம். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். ஓரியூரில் 1693-இல் கொல்லப்பட்ட கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தரின் திருத்தலம், அங்கே மண் சிவப்பாக இருப்பதை அவர் சிந்திய ரத்தம் என்று நம்புகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம்.

சாப்பாடு எப்படி?

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிப் பெரும்பாலும் சைவம்தான். மீன் வேண்டும் என்றால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் தேடுங்கள். மெனு அட்டையைப் பார்த்துக் கேட்காமல், "இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். விளைமீன், பாறை, நகரை, ஊளி, கணவாய், நண்டு, வந்தது எதுவோ அதைச் சாப்பிடுவதுதான் ருசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். மே மாதம் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள், கடைக்காரரோடு சண்டை வேண்டாம்.

குழம்பு காரமாக இருக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய் அப்படி. பிள்ளைகளுக்கு வறுவலில் மிளகாய் குறைக்கச் சொன்னால் செய்து தருவார்கள்.

கீழக்கரைக்குப் போனால் தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டி எடுப்பது. கோடையில் சாலையோரம் நுங்கும் பதநீரும், தை மாசியில் பனங்கிழங்கும் கிடைக்கும். குடிதண்ணீர் பல இடங்களில் உவராக இருப்பதால் கேன் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும்.

என்ன வாங்கலாம், என்ன வாங்கக் கூடாது?

முண்டு மிளகாய், கருப்பட்டி, பனையோலைக் கொட்டான், கருவாடு வாங்கலாம். கருவாட்டை நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து, இரண்டு மூன்று பைக்குள் கட்டிக்கொள்ளுங்கள், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரும் மனிதர்தானே.

பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை இவற்றை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டையும் பிள்ளைகள் எடுத்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

மூன்று நாள் இருக்கிறது. நீங்களாக இருந்தால் எப்படிப் போவீர்கள்?

முதல் நாள் காலை ராமநாதபுரத்தில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு அரண்மனை. மதியம் தூக்கம். மாலையில் திருப்புல்லாணி, அப்படியே சேதுக்கரை. இரண்டாம் நாள் விடியற்காலை சக்கரக்கோட்டைக் கண்மாய், வந்து அறையைக் காலி செய்துவிட்டு, வாடைக்காற்று இல்லை என்றால் அரியமானில் சவுக்கு நிழலில் மதியம் வரை. வாடைக்காலமாக இருந்தால் அரியமானை விட்டுவிட்டுக் குந்துகால். மாலையில் பாம்பன் பாலம் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்தில் தங்கல். மூன்றாம் நாள் கோயில் அதிகாலையில், அப்புறம் தனுஷ்கோடி. இரவு ரயில். காரங்காடு இதில் வராது, அதற்கு நாலாவது நாள் வேண்டும்.

ஒரே நாள்தான் என்றால் கோயிலும் தனுஷ்கோடியும் மட்டும். வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

மாசி, பங்குனியில் ஆமைக்குஞ்சு விடுவார்களாமே, நாங்களும் பார்க்கலாமா?

பார்க்கலாம். பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் தை மாசியில் தனுஷ்கோடிக் கரையேறி முட்டையிடும். நாயும் நரியும் தோண்டிவிடாமல் வனத்துறையினர் முட்டைகளை எடுத்து, முகுந்தராயர் சத்திரம் பக்கம் வேலியிட்ட மணல் குழிகளில் வைத்துக் காக்கிறார்கள். பொரித்ததும் குஞ்சுகளைக் கரையில் விடுவார்கள். உள்ளங்கையில் பாதிதான் இருக்கும், அலை வரும் திசையைத் தானாகக் கண்டுபிடித்து நடக்கும். தொடக் கூடாது, விளக்கு அடிக்கக் கூடாது. நாளும் நேரமும் பொரிப்பதைப் பொறுத்தது, நாள்காட்டியில் பார்த்துச் சொல்ல முடியாது. மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.